நாய் ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது, மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்

கேள்வி: ஐந்நூறு சதுர அடிக்குள் ஒரு படுக்கையறை பிளாட் எங்களுடையது. இரண்டு வயது லாப்ரடார் கலப்பு நாய் இருக்கிறான். பெயர் மிளகு, நிறமும் அதேதான். வெளிர் சாம்பல் சோஃபா முழுக்கக் கறுப்பு முடி. கதவைத் திறந்ததுமே நாய் வாடை வருகிறது என்று தோழி சொல்லிவிட்டாள். ஆசையாக வாங்கிய நாய் மெத்தையில் அவன் படுப்பதே இல்லை. பொம்மை, கிண்ணம், கயிறு எல்லாம் கண்ட இடத்தில் கிடக்கின்றன. வீடு அழகாக இருக்க வேண்டுமென்றால் நாய் வளர்க்கக் கூடாதா?

பதில்: தாராளமாக வளர்க்கலாம். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன் மூன்று நாள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மிளகு எந்தெந்த நேரத்தில் எங்கே படுக்கிறான் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் வரை தூங்கும். அப்படியென்றால் உங்கள் வீட்டை உங்களைவிட அதிக நேரம் பயன்படுத்துபவன் அவன்தான். அவன் போய் விழும் இடங்கள் தெரியாமல் வீட்டை அலங்கரித்தால், ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த மெத்தை எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கண்ணில் படாத ஏதாவது ஒரு மூலையில் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் அதைத்தான் செய்தேன். புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் அழகாகப் போட்டு வைத்தேன். எங்கள் நாயோ வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடைவழியில் நீட்டிப் படுத்துக்கொண்டது. தினமும் யாராவது ஒருவர் தடுக்கினோம். கடைசியில் அங்கிருந்த செருப்பு அலமாரியை நகர்த்தி, அந்த இடத்தில் சுவரோரமாக மெத்தையைப் போட்டதும் பிரச்சினை தீர்ந்தது. முதுகுக்குச் சுவர் இருக்க வேண்டும், வாசல் தெரிய வேண்டும், நீங்களும் தெரிய வேண்டும். பெரும்பாலான நாய்கள் கேட்பது இந்த மூன்றைத்தான்.

இடம் சரியாக இருந்தும் டைல்ஸ் தரையிலேயே படுக்கிறானா? அவனுக்கு வெக்கை. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மூச்சிரைத்தும் குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தும்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பொசுபொசுவென்று ரோமம் வைத்த மெத்தை படத்தில் நன்றாக இருக்கும், மிளகுக்குச் சரிவராது. காற்றுப் போகிற வலைத்துணி போட்ட குட்டைக் கட்டிலோ, பருத்தி உறை போட்ட மெல்லிய மெத்தையோ போதும். அவன் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு 15 முதல் 20 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

உறையை மட்டும் கடையில் வாங்காதீர்கள். உங்கள் திரைச்சீலையோ குஷனோ எந்தத் துணியோ, அதே நிறத்தில், ஜிப் வைத்து இரண்டு உறைகள் தைத்துக்கொள்ளுங்கள். எலும்பு, பாதம் எல்லாம் அச்சடித்த உறைதான் ஒரு வீட்டை நாய்க்கடை மாதிரி காட்டுகிறது. அறையின் நிறத்திலேயே இருந்தால் மெத்தையும் ஒரு இருக்கை மாதிரி அறையோடு சேர்ந்துவிடும். இரண்டு எதற்கு என்றால், ஒன்று துவைப்பில் இருக்கும்போது இன்னொன்று மெத்தையில் இருக்க வேண்டும்.

இனி சோஃபா. நீள முடி நாய்தான் தொல்லை என்று பலர் நினைக்கிறார்கள். லாப்ரடாரின் குட்டை முடி அதைவிட மோசம். விறைப்பாக இருப்பதால் தளர்வான நெசவுக்குள் ஊசி மாதிரி இறங்கிக்கொள்ளும். எனவே நிறத்துக்கு முன்னால் நெசவைப் பாருங்கள். நூல் சுருள் சுருளாக மேலே நிற்கும் துணியும், தளர்வாக நெய்த லினனும் வேண்டாம். முடியும் சிக்கும், நகமும் மாட்டும். இறுக்கமான மைக்ரோஃபைபர் நல்லது. ஆச்சரியமாக இருக்கும், குட்டை மயிர் வெல்வெட்டும் நல்லது. அதில் நகம் மாட்டச் சுருளே கிடையாது, முடியும் மேலாகவே நிற்கும். தோல் சோஃபாவில் முடியை ஒரே துடைப்பில் எடுத்துவிடலாம், ஆனால் நகக்கீறல் பளிச்சென்று தெரியும்.

புது சோஃபா வாங்கச் சொல்லவில்லை. கருஞ்சாம்பலில் கறுப்புப் புள்ளிகள் கலந்த உறை ஒன்று போட்டாலே பாதி முடி கண்ணுக்குத் தெரியாது. மீதிக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. லேசாக நனைத்து, முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே திசையில் இழுத்து வாருங்கள். முடி உருண்டு உருண்டு விளக்குத் திரி மாதிரி சேர்ந்து வரும், அப்படியே கையால் எடுத்துப் போடலாம். தினமும் ஐந்து நிமிடம் பால்கனியிலோ குளியலறையிலோ வைத்துச் சீவிவிடுங்கள். சீப்பில் வருகிற முடி சோஃபாவுக்கு வராது. முடி தொல்லை என்று மொட்டை மட்டும் அடித்துவிடாதீர்கள். லாப்ரடாருக்கு இரட்டை அடுக்கு ரோமம். வெயிலிலிருந்து தோலைக் காப்பதே அதுதான்.

வாடை விஷயத்தில் உங்கள் தோழி சொன்னதை நம்புங்கள். கூடவே இருக்கிற நம் மூக்குக்கு அது பழகிப்போயிருக்கும். வாசனைத் திரவம் அடிப்பது வாடையோடு இன்னொரு வாடையைச் சேர்ப்பதுதான். அதோடு தேயிலை மர எண்ணெய் போன்ற சில எண்ணெய்கள் நாய்க்கு நஞ்சு, டிஃப்யூசரில் விடாதீர்கள். அடிக்கடி குளிப்பாட்டினால் தோல் வறண்டு அரிப்புதான் வரும். முதலில் மெத்தை உறையை வாரம் ஒருமுறை துவையுங்கள், துணி தாங்குமென்றால் 60 டிகிரி வெந்நீரில். அதனோடு கழுத்துப்பட்டையையும் துவையுங்கள். எல்லோரும் மறப்பது இந்தப் பட்டையைத்தான். கழற்றி ஒருமுறை முகர்ந்து பாருங்கள், புரியும். காதிலிருந்து புளித்த வாடையோ, பின்பக்கத்திலிருந்து மீன் கவிச்சியோ வந்தால் வீட்டைத் துடைத்துப் பயனில்லை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

எப்போதாவது உள்ளே சிறுநீர் கழித்துவிட்டால் அமோனியா கலந்த கிளீனரைத் தொடாதீர்கள். சிறுநீரிலும் அமோனியா வாடை உண்டு என்பதால் அதே இடத்துக்குத் திரும்ப அழைப்பது போலாகிவிடும். என்சைம் கிளீனர் வாங்கி, ஊற்றியதும் துடைக்காமல் பாட்டிலில் சொல்லியிருக்கிற நேரம் வரை ஈரமாகவே விடுங்கள். அது யூரிக் அமிலத்தைச் சிதைக்க அவகாசம் வேண்டும்.

தரைக்கு வருவோம். பளபள டைல்ஸில் நாய் வழுக்கும், இடுப்பு மூட்டுத் தொந்தரவு வரக்கூடிய லாப்ரடாருக்கு அது நல்லதல்ல. அதற்காக ஆங்காங்கே குட்டி மிதியடிகளைப் போடாதீர்கள். சின்ன வீடு துண்டு துண்டாகத் தெரியும், அவன் ஓடும்போது அவையும் கூடவே ஓடும். வழுக்காத அடிவிரிப்போடு, தட்டையான நெசவில் பெரியதாக ஒரே கம்பளம் போடுங்கள், அறையும் பெரிதாகத் தெரியும். அவன் நடக்கும்போது தரையில் டக் டக் என்று சத்தம் கேட்டால் நகம் வெட்ட நேரமாகிவிட்டது என்று பொருள்.

பொம்மைகளை மூடி போட்ட ஒரு கூடைக்குள் போட்டுவிடுங்கள். வெளியே மூன்று நான்கு மட்டும் இருக்கட்டும், வாரத்துக்கொரு முறை மாற்றினால் புதிதாக வந்தது போலக் கொண்டாடுவான். இன்னொன்று, நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒரே மங்கல் நிறம். கடைகளில் குவிந்திருக்கும் சிவப்புப் பந்துகள் நமக்காகத்தான் செய்யப்படுகின்றன போல! உங்கள் சாம்பல் அறைக்கும் நீலம் பொருந்தும், நீலத்தில் வாங்குங்கள். கயிறு, கழிவுப் பை, கால் துடைக்கும் துண்டு மூன்றுக்கும் வாசல் கதவுக்குப் பின்னால் மூன்று கொக்கிகள். அவ்வளவுதான்.

செடி வைப்பதாக இருந்தால் கவனம். மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா இரண்டையும் மென்றால் வாய் எரிந்து வீங்கும். சோற்றுக்கற்றாழையும் ஆகாது. சைகஸ் எனப்படும் சேகோ பாம் மட்டும் எந்த உயரத்திலும் வேண்டாம், அது கல்லீரலையே பதம் பார்த்துவிடும். அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட், பாஸ்டன் ஃபெர்ன் பயமில்லாமல் வைக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மிளகு சோஃபாவில் ஏறலாமா கூடாதா என்பதை வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். எதுவானாலும் சரி, ஆனால் விருந்தாளி வந்தால் ஒரு சட்டம், வராவிட்டால் இன்னொரு சட்டம் என்றால் அவனுக்குப் புரியாது. ஏறலாம் என்றால் ஒரு ஓரத்தில் ஒரு போர்வையை விரித்து, அதில் மட்டும் படுக்கப் பழக்குங்கள். தோழி வருகிற அன்று அந்தப் போர்வையை எடுத்து அவன் மெத்தையில் விரித்துவிடுங்கள். போர்வை போன இடத்துக்கு அவனும் போய்விடுவான்.