ஆனையூர் வீடு: 'வேறு பார்ட்டி 60 தருகிறார்' என்று புரோக்கர் சொன்னால்

இன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 62 லட்சத்துக்குச் சொன்ன வீட்டுக்கு நீங்கள் கேட்ட 55-லிருந்து இப்போதே ஏறவும் வேண்டாம். 60-க்கு ஆள் தயாராக இருந்தால், புரோக்கர் உங்களை ஏன் விடாமல் கூப்பிடுகிறார்?

விற்பவருக்குப் பணம் அவசரம் என்றுதான் படுகிறது. பெரும்பாலும் வங்கிக் கடனாக இருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் பட்டியல்) போட்டுப் பாருங்கள். 'உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு', அதாவது கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைத்த பதிவு இருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது அதற்குப் பின்னால் பதிவாகவில்லை என்றால், கடன் இன்னும் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பேரம் உங்கள் கையில்.

அப்புறம் உரிமையாளரிடமே நேரில் பேசுங்கள்: "அண்ணே, 57. நாற்பத்தைந்து நாளில் கிரயம் முடிச்சிடலாம்." அவசரக்காரருக்குத் தேதிதான் பெரிது. உங்கள் கணக்கில் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; 57 லட்சத்துக்கு அதுவே ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம்.

ஒன்று, அந்த 60 பார்ட்டி நிஜமாகவும் இருக்கலாம். வில்லங்கம் சுத்தமாக இருந்து, வீடும் மனசுக்குப் பிடித்திருந்தால், 57-லேயே பிடிவாதமாக நிற்காதீர்கள்.