நாலு ரிமோட்டுக்கு ஒரு ரிமோட்

கேள்வி: ஹாலில் சோனி டிவி, டிடிஎச் பெட்டி, ஃபயர் டிவி ஸ்டிக், 5.1 ஸ்பீக்கருடன் ஒரு ஏவி ரிசீவர் இருக்கின்றன. மொத்தம் நாலு ரிமோட். நான் ஆபீஸ் போனபிறகு அம்மா சீரியல் போட்டால் "படம் வருது, சத்தம் வரலை" என்று போன் வருகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் வாங்கலாம் என்றால், கடையில் 200 ரூபாய்க்கும் 'யுனிவர்சல்' என்கிறார்கள், ஆன்லைனில் 15,000 ரூபாய்க்கும் 'யுனிவர்சல்' என்கிறார்கள். எதை வாங்குவது? (தாம்பரம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் அம்மாவின் பிரச்சினை ரிமோட் எண்ணிக்கை இல்லை. ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கொடுக்கும் அந்த ரிசீவரைத் தனியாக ஆன் செய்ய வேண்டியிருப்பதுதான் பிரச்சினை. அதை ஒரு கேபிளும் ஒரு செட்டிங்கும் தீர்த்துவிடும்.

டிவியின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி என்று எழுதியிருக்கும். டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் துளை அது. அதிலிருந்து ஒரு கேபிளை ரிசீவரின் எச்டிஎம்ஐ 'அவுட்' துளைக்குக் கொடுங்கள். சத்தம் ரிசீவருக்கு உள்ளே போக வேண்டும் என்று நினைத்துப் பலரும் 'இன்' துளையில் சொருகிவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். கேபிள் சரியான இடத்தில் இருந்தால், அடுத்து சிஇசி வசதியை இரண்டு பெட்டியிலும் ஆன் செய்யுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ஒரு கருவி இன்னொன்றுக்கு உத்தரவு போடும் ஏற்பாடு இது. ஆனால் கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பதால் மெனுவில் கண்ணில் படாது. சோனியில் பிராவியா சிங்க், சாம்சங்கில் எனிநெட்+, எல்ஜியில் சிம்ப்லிங்க். எல்லாம் ஒன்றுதான்.

இது அமைந்துவிட்டால் டிவியை ஆன் செய்ததும் ரிசீவரும் கூடவே எழுந்துகொள்ளும். டிவி ரிமோட்டில் வால்யூம் கூட்டினால் ரிசீவரில் கூடும். ஃபயர் ஸ்டிக்கின் மெனுவையும் டிவி ரிமோட்டின் அம்புக்குறி பட்டன்களாலேயே நகர்த்தலாம். ஆக நாலு ரிமோட் இரண்டாகிவிட்டது.

மிச்சம் இருப்பது டிடிஎச் பெட்டி. பல பெட்டிகள் சிஇசியைக் கண்டுகொள்வதில்லை, அதனால் அதன் ரிமோட்டை விட முடியாது. விடவும் வேண்டாம், அதையே தலைவராக்குங்கள். இங்கே கிடைக்கும் பல டிடிஎச் ரிமோட்டுகளில் டிவியின் பவர், வால்யூம், சோர்ஸ் பட்டன்களைக் 'கற்றுக்கொள்ளும்' வசதி இருக்கிறது. உங்களுடையதில் இல்லை என்றால், கடையில் "லேர்னிங் ரிமோட்" என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மேஜை மேல் இரண்டு ரிமோட்டையும் மூக்கோடு மூக்கு வைத்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒவ்வொரு பட்டனாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஜன்னல் வெயில் விழும் இடத்தில் செய்யாதீர்கள், தப்பாகக் கற்றுக்கொள்ளும்.

சோர்ஸ் பட்டனை மறக்காமல் சேருங்கள். ராத்திரி ஃபயர் ஸ்டிக்கில் படம் பார்த்தவர் அப்படியே அணைத்துவிட்டுப் போனால், காலையில் டிவி அங்கேதான் திறக்கும். எங்கள் வீட்டில் அந்த மாதிரி பட்டன்கள் நாலில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்திருக்கிறோம். அதன்பின் எனக்கு போன் வருவது குறைந்திருக்கிறது.

இனி அந்த 200 ரூபாய், 15,000 ரூபாய் விஷயம். தொங்கவிட்டு விற்கும் மலிவு ரிமோட்டுகளில் 'யுனிவர்சல்' என்றால் பெரும்பாலும் அந்த ஒரு கம்பெனியின் எல்லா மாடலுக்கும் பொருந்தும் என்றுதான் அர்த்தம். தொலைந்த ரிமோட்டுக்கு மாற்றாக வாங்கலாம். பல கருவிகளுக்கு என்று வாங்குவதானால் பேட்டரி மாற்றினாலும் நினைவு தங்குமா என்று கேளுங்கள். நான் முன்பு வாங்கிய ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொரு கருவிக்கும் உரிய கோட் எண்ணைப் போட்டேன். ஆறு மாதம் கழித்துப் பேட்டரி மாற்றினதும் அது யாரையுமே தெரியாது என்றுவிட்டது.

விலை அதிகமானவற்றில் காசு போவது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, ஒரே பட்டனில் வரிசையாக நாலு வேலை செய்வது. இரண்டு, புளூடூத். ஃபயர் ஸ்டிக் சாதாரண ரிமோட்டுகள் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியைக் கேட்காது, புளூடூத்தைத்தான் கேட்கும். அதனால் எந்தச் சாதாரண யுனிவர்சல் ரிமோட்டை நீட்டினாலும் அது அசையாது. சோஃபாபேட்டன் எக்ஸ்1 மாதிரி ரிமோட்டின் உத்தரவை வாங்கிக் கருவிகளுக்கு அனுப்பும் தனி ஹப் பெட்டியோடு வருபவைதான் அதற்குச் சரி. ப்ரொஜெக்டர், ப்ளூரே, மரக்கதவு ஷோகேஸுக்குள் பூட்டிவைத்த ஆம்ப்ளிஃபயர் என்று வைத்திருப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. உங்களுக்குத் தேவையில்லை.

கேள்வி: ஒரே பட்டனில் எல்லாம் ஆன் ஆகிற மாதிரி ஒரு ரிமோட்டில் அமைத்தேன். சில நாள் டிவி ஆன் ஆகிறது, சில நாள் அணைகிறது. ரிமோட் பழுதா? (கோவை வாசகர்)

பதில்: பழுதில்லை. டிவியின் பவர் பட்டன் ஒன்றேதான், எரிந்தால் அணைக்கும், அணைந்திருந்தால் எரியவைக்கும். டிவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது உங்கள் ரிமோட்டுக்குத் தெரியாது. பல கருவிகளில் ஆனுக்குத் தனியாகவும் ஆஃபுக்குத் தனியாகவும் சிக்னல் உண்டு. ஆனால் கம்பெனி ரிமோட்டில் அதற்குப் பட்டன் இருக்காது. உங்கள் ரிமோட்டின் கோட் பட்டியலில் 'பவர் ஆன்', 'பவர் ஆஃப்' என்று பிரித்துக் கொடுத்திருந்தால் 'பவர்' என்பதை எடுத்துவிட்டு அவற்றைப் போடுங்கள்.

கேள்வி: பழைய லாஜிடெக் ஹார்மனி ரிமோட் ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது. வாங்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: இந்த வகையில் அதற்கு நிகரானது வந்ததில்லை என்பது என் கட்சி. இருந்தாலும் வேண்டாம். 2021 ஏப்ரலில் லாஜிடெக் ஹார்மனி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதை அமைப்பதற்குக் கம்பெனியின் செயலியும் சர்வரும் வேண்டும். அது என்றைக்கு நின்றாலும் புதுக் கருவி எதையும் அதில் சேர்க்க முடியாது. சும்மா கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ரிமோட் கெட்டதா, டிவி கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (திருச்சி வாசகர்)

பதில்: போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையைக் காட்டிப் பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதா அல்லது வெள்ளையாகச் சிமிட்டும். பின் கேமராவில் பல போன்களில் தெரியாது, அங்கே வடிகட்டி இருக்கும். சிமிட்டினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. சிமிட்டாவிட்டால் பேட்டரியைக் கழற்றி அந்த ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். உப்புத்தாளால் இரண்டு தேய், புதுப் பேட்டரி, பாதி கேஸ் அதிலேயே முடிந்துவிடும். புளூடூத் ரிமோட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது.