கலைக்களஞ்சியமா விக்கிப்பீடியாவா, எத நம்புறது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, விக்கிப்பீடியால யார் வேணா எழுதலாமே, அப்ப பிரிட்டானிக்காங்கிற ஆங்கில கலைக்களஞ்சியத்த விட தப்பு ஜாஸ்தியா தானே இருக்கும்?

பதில்: ஜாஸ்திதான், ஆனா நீங்க நினைக்கிற அளவு இல்ல. 2005ல நேச்சர் பத்திரிகை 42 அறிவியல் தலைப்ப எடுத்து, ரெண்டு கட்டுரையையும் எது எங்கருந்து வந்ததுன்னு சொல்லாம அந்தந்த துறை ஆளுங்ககிட்ட குடுத்து பாத்துச்சு. விக்கில 162 சின்ன தப்பு, பிரிட்டானிக்கால 123. பெரிய தப்பு ரெண்டுலயும் நாலு நாலு. ஆய்வே சரியில்லன்னு பிரிட்டானிக்கா மறுத்தாங்க, அதையும் சொல்லணும். ஆனா இது ஆங்கில விக்கி, அறிவியல் மட்டும். இத வச்சு தமிழ் விக்கில இருக்கிற உங்க ஊர் பக்கத்த கண்ண மூடிட்டு நம்பிடாதீங்க.

கேள்வி: சார், பிரிட்டானிக்கா பெரிய செட் இன்னும் அச்சுல வருதா?

பதில்: இல்லம்மா. 2010ல வந்த 32 வால்யூம் தான் கடைசி.

கேள்வி: தாத்தாவோட தமிழ் கலைக்களஞ்சியம் செட் இருக்கு, பழைய பேப்பர்காரருக்கு போட்டுடலாமா?

பதில்: ஐயோ, போட்டுடாதீங்க! பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியரா இருந்து தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954லருந்து 1968 வரைக்கும் கொண்டு வந்த 10 தொகுதி அது, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல துறை துறையா ஆள் தேடி எழுத வச்சு, அறிவியலுக்கு தமிழ்ல சொல்லு கண்டுபிடிச்சு செஞ்ச வேலை, நினைச்சாலே மலைப்பா இருக்கு. மக்கள்தொகை கணக்கெல்லாம் பழசு, வங்கதேசம்னு ஒரு நாடே அதுல கிடையாது. ஆனா பழைய இலக்கியம், இசை பத்தியெல்லாம் இன்னைக்கும் படிக்கலாம். வீட்ல இடமே இல்லன்னா ஒரு நூலகத்துக்கு குடுங்க. தமிழ் இணையக் கல்விக்கழக தளத்துல ஸ்கேனும் இருக்கு.

கேள்வி: ப்ராஜெக்ட்ல விக்கிய சோர்ஸா போட்டா மேடம் அத கோடு போட்டு அடிச்சுடறாங்க அண்ணா.

பதில்: மேடம் பண்றது சரி. விக்கி கட்டுரைக்கு அடியில மேற்கோள்கள்னு இருக்குல்ல, அங்க இருக்கிற புத்தகத்த தேடிப் படிச்சு அத போடுங்க. நியூஸ் லிங்க் மட்டும் இருந்தா தேதிய பாருங்க, சிலசமயம் பேப்பர்காரங்க விக்கிய பாத்து எழுதி, அதயே திரும்ப விக்கில ஆதாரமா வச்சிருப்பாங்க. மேல 'வரலாற்றைக் காட்டவும்'னு ஒரு டேப் இருக்கு, எந்த வரி என்னைக்கு மாறுச்சுன்னு அதுல தெரியும். அச்சு புத்தகத்துல இந்த வசதி கிடையாது.

கேள்வி: தப்பு கண்ணுல பட்டா யார்கிட்ட சொல்றது?

பதில்: நீங்களே 'தொகு' அமுக்கி மாத்துங்க, ஆனா ஆதாரத்தோட. 2003ல ஆரம்பிச்ச தமிழ் விக்கி 2017ல லட்சம் கட்டுரைய தாண்டுச்சுன்னா, பெரும்பாலும் இப்படி சம்பளமில்லாம உக்காந்து எழுதினவங்களாலதான். தயக்கமா இருந்தா உரையாடல் பக்கத்துல எழுதிப் போடுங்க, யாராவது பாப்பாங்க.