ஒரே பெட்டி, இரு நிறம்

கேள்வி: பிரான்சிலிருந்து என் மைத்துனர் ஒரே பெட்டியில் கொண்டுவந்த இரண்டு வெள்ளை பர்கண்டி (பிரான்சின் பர்கண்டி வட்டார) ஒயின்களில் ஒன்று வெளிர் மஞ்சளாக இருந்தது, மற்றொன்றோ தேன் நிறத்தில், வெட்டிவைத்த ஆப்பிளின் வாடையுடன் இருந்தது. கார்க்கைப் பதப்படுத்தியதில் கோளாறா?
- வாசகர், அடையாறு, சென்னை

பதில்: தாங்கள் கண்டது முன்கூட்டிய ஆக்சிஜனேற்றமாகவே, அதாவது காற்று பட்டு ஒயின் காலத்துக்கு முன்பே கெடுவதாகவே தோன்றுகிறது. ஒரே பெட்டியின் புட்டிகள் இப்படி வேறுபடுவதால்தான் கார்க்கின் மீது சந்தேகம் விழுகிறது. 1990-களின் நடுப்பகுதியில் தயாரான பர்கண்டி ஒயின்களில் இக்குறை பரவலாகத் தெரிந்தது. பூஞ்சண வாடை தரும் டி.சி.ஏ. என்னும் வேதிப்பொருள் உருவாவதைத் தவிர்க்க, குளோரினால் வெளுப்பதைக் கைவிட்டு, கார்க்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் கழுவும் முறை அக்காலத்தில்தான் பரவியது. பெராக்சைடு முழுவதும் நீங்காமல் கார்க்கில் தங்கினால், ஒயினைக் காக்கும் கந்தக டை ஆக்சைடை அது தீர்த்துவிடும். அடுத்தது பூச்சு: கார்க் புட்டியின் கழுத்தில் எளிதாக இறங்கவும் வெளிவரவும் பூசப்படும் பாரஃபினும் சிலிக்கோனும் சீராகப் படியாவிட்டால், கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று புகும். புட்டிக்குப் புட்டி காணும் வேறுபாட்டை இதுவே நன்கு விளக்குகிறது என்பது என் கருத்து.

ஆயினும் கார்க்கை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமன்று; தயாரிப்பாளர்கள் கந்தக டை ஆக்சைடின் அளவைக் குறைத்ததும், பீப்பாயின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை அடிக்கடி கலக்கியதும் சேர்ந்தே ஒயினைப் பலவீனமாக்கின. சென்னை வெயில்தான் காரணமென்றால், ஒன்றாக வைத்திருந்த இரண்டுமே பெரும்பாலும் கெட்டிருக்கும். பழுதான புட்டியின் கார்க் இருந்தால் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். ஈரத்தின் தடம் மேல்வரை ஏறியிருந்தால் அடைப்பு தளர்ந்திருந்தது என்று கொள்ளலாம்.