பீட்டில் 1600: வால்வு இடைவெளி வைத்தபின் காலையில் ஸ்டார்ட் ஆகாதது

உங்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1600 கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றும், வண்டி ஓட்டி வந்த கையோடு வால்வு இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் திருகுக்கும் நடுவே உள்ள சந்து) 0.15 மிமீ வைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். சூட்டில் சிலிண்டர், அதன் மேல்மூடியான ஹெட், வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு எல்லாம் வெவ்வேறு அளவில் விரியும், அந்த அளவை நம்பவே முடியாது. 0.15 என்பது இன்ஜின் முழுக்க ஆறிய நிலைக்கானது. இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமலே மறுபடி வையுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்) மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டார் டிஸ்ட்ரிபியூட்டரின் விளிம்புக் கோட்டுக்கு நேரே வரும்படியும், கிரேங்க் புல்லியில் உள்ள குறி கிரேங்க்கேஸின் (இன்ஜின் உடலின்) இரு பாதிகள் சேரும் கோட்டில் நிற்கும்படியும் வையுங்கள். இது 1ஆம் சிலிண்டரின் வால்வுகளைச் சரிசெய்யும் நிலை. பின் புல்லியை இடஞ்சுழியாக 180 பாகை வீதம் திருப்பினால் 2, 3, 4 வரிசையாக வரும். இடைவெளி வைக்கும் திருகைப் பிடித்து நிறுத்தும் 13 மிமீ லாக்நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றும், அதனால் இறுக்கியபின் பீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இன்னொரு முறை நுழைத்துப் பாருங்கள். பெரும்பாலானோர் விடுவது இதைத்தான்.

சந்தேகம் வந்தால் சற்றுத் தளர்வாகவே இருக்கட்டும். தளர்ந்த வால்வு டிக்டிக் என்று சத்தம் மட்டுமே போடும். இடைவெளி குறைந்து இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் வால்வு) தன் இருக்கையான சீட்டில் சரியாக அமராது, சூடு வெளியேறாமல் கருகும், வால்வின் தலை முறிந்து பிஸ்டனையும் உடைக்கும். ஒரே வால்வு மட்டும் திரும்பத் திரும்ப இறுகினால் அதன் தண்டு நீள்கிறது, ஓட்டாதீர்கள், ஹெட்டைக் கழற்றுங்கள்.

வால்வு கவரின் கார்க் கேஸ்கெட்டை (ஆயில் கசியாமல் தடுக்கும் பட்டை) புதிதாகப் போடுங்கள். பசை கவர் பக்கம் மட்டும்.