மஞ்சள் சளி என்றாலே ஆன்டிபயாடிக்கா?

கேள்வி: என் கணவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எட்டு நாளாக மூக்கடைப்பு, மஞ்சள் சளி, கன்னத்திலும் மேல் பல்லிலும் வலி. மருந்துக் கடையில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை மூன்று கொடுத்தார்கள். இரண்டு போட்டதும் தேவலை என்றார். மூன்றாவதை மகனுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தேன். நேற்றிலிருந்து அவருக்கு மறுபடி காய்ச்சல். இன்னும் ஸ்ட்ராங்காக வாங்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம் அம்மா. நாளைக்கே அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அந்த மூன்றாவது மாத்திரையை மகனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் மருந்து.

சளியின் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வைரஸ் சளியும் நாலைந்து நாளில் மஞ்சளாகும், பச்சையாகும். கன்னத்திலும் மேல் பல்லிலும் வலிக்கிறது என்றால் சைனஸாக இருக்கலாம், அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால்தான் வருகிறது, அதை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. அதனால் எத்தனை நாளாகிறது என்று எண்ணுங்கள், இந்த மூன்றில் ஏதாவது உண்டா என்று பாருங்கள். பத்து நாளாகியும் துளியும் குறையவில்லை. தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சலும் முகவலியும் கெட்டியான சளியும் மூன்று நாலு நாள் விடவில்லை. குறைந்து வந்தது திடீரென்று மோசமானது. இவற்றில் ஒன்று இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கணவருக்கு நடந்திருப்பது கடைசியாகச் சொன்னது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சைனஸ் தொற்றை உண்டாக்கும் முக்கியமான பாக்டீரியாக்கள் பல அசித்ரோமைசினுக்கு இப்போது கட்டுப்படுவதில்லை. பெரியவர்களுக்குப் பொதுவாக அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரையை 5 முதல் 7 நாள் கொடுப்பார்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏற்கெனவே போட்ட இரண்டு மாத்திரையையும் மறைக்காதீர்கள். தேவலை ஆனதும் பாதியில் நிறுத்தி மிச்சம் பிடிக்கக் கூடாது.

நம் ஊரில் சளி என்றதும் நீலகிரித் தைலம்தான். ஆவி பிடித்தால் இதமாக இருக்கும், கிருமி சாகாது. தைலத்தைக் குடிக்கவோ மூக்கில் விடவோ கூடாது. பையன் கைக்கு எட்டாமல் வையுங்கள், சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு ஆபத்து. கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைத்து மூக்கைக் கழுவுவது நல்லது.

அப்புறம், இதற்காக மேட்டுப்பாளையம் இறங்க வேண்டாம். மலை இறங்க இறங்கக் காற்றழுத்தம் கூடும், அடைத்த சைனஸ் இன்னும் வலிக்கும். கோத்தகிரி அரசு மருத்துவமனையிலேயே காட்டுங்கள். இன்று இரவே கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, பேச்சு குழறினாலோ, விடியும்வரை காத்திருக்காதீர்கள்.