பாத்தூர் எரிமலைக்கு 22 பேர் போகலாமா?

கேள்வி: கோவைப் பக்கம் எங்கள் ஊர் இளைஞர் மன்றத்திலிருந்து 22 பேர், ஆகஸ்ட் மாதம் ஐந்து நாள் பயணமாக பாலித் தீவுக்குப் போகிறோம். வயது 16 முதல் 24 வரை. பெண்கள் ஒன்பது பேர். ஒரு நாளை பாத்தூர் எரிமலையில் சூரிய உதயம் பார்க்க ஒதுக்கியிருக்கிறோம். பையன்களில் பலர் வெள்ளியங்கிரி ஏறியவர்கள். ஒரு பெண்ணுக்கு ஆஸ்துமா உண்டு. ஒரு தம்பிக்கு உடல் எடை அதிகம். 1963இல் ஆயிரம் பேருக்கு மேல் பலிகொண்ட மலை இதுதான் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு அப்பா மகளை அனுப்ப மறுக்கிறார். வழி தெளிவாகத்தான் இருக்கும், வழிகாட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்கிறார் போய்வந்த நண்பர். நாங்கள் என்ன செய்வது? – மன்றச் செயலாளர்

பதில்: முதலில் அந்த அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடலாம். அவர் படித்தது பொய்யில்லை, மலைதான் வேறு. 1963இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது ஆகுங் மலை. பாத்தூருக்குத் தென்கிழக்கே, 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாலியின் மிகப் பெரிய மலை அது. நீங்கள் போகப்போவது 1,717 மீட்டர் உயரமுள்ள பாத்தூர். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும், ஆனால் எரிமலைதான், அதுவும் உயிரோடு இருக்கும் எரிமலை. 1926இல் அதன் குழம்பு அடிவாரத்திலிருந்த பாத்தூர் கிராமத்தையும் கோயிலையும் மூடிவிட்டது. ஊர்க்காரர்கள் மேலே, மலையைச் சுற்றியுள்ள பெரும்பள்ளத்தின் விளிம்புக்குக் குடிபெயர்ந்து கோயிலை மறுபடி கட்டினார்கள். இன்று எல்லோரும் போய்ப் பார்க்கிற உலுன் டானு பாத்தூர் கோயில் அதுதான். 1963இல் இந்த மலையும் குழம்பு கக்கியது. கடைசியாக வெடித்தது 2000ஆம் ஆண்டில். அடிவாரத்தில் ஜீப்பில் போகும்போது கருகிய வயல் போலத் தெரியும் பாறைக்காடெல்லாம் இப்படி வழிந்து உறைந்த குழம்புதான்.

ஆக, அப்பாவிடம் "ஆபத்தே இல்லை" என்று சொல்லாதீர்கள். "நீங்கள் படித்தது வேறு மலையைப் பற்றி, ஆனால் கவலை நியாயம்தான்" என்று சொல்லுங்கள்.

இந்தோனேசியாவில் எரிமலைகளைக் கண்காணிக்க அரசு மையம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மலைக்கும் நான்கு நிலைகளில் ஒன்றை அறிவிப்பார்கள்: நார்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். 'மாக்மா இந்தோனேசியா' என்ற அவர்களுடைய செயலியில் அன்றன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். கிளம்பும் வாரத்திலும், ஏறுவதற்கு முந்தைய மாலையிலும் பாருங்கள். முதல் நிலையான நார்மல் என்றால் மட்டும் ஏறுங்கள். அதற்கு மேல் எது இருந்தாலும் அடிவாரத்திலுள்ள ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ரெண்டாம் நிலைதானே, எல்லாரும் போறாங்களே" என்று டிரைவர் சொன்னாலும் சரி. மேற்கு சுமத்ராவில் மராப்பி மலை 2023 டிசம்பரில் வெடித்து 20க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தபோது, அது இரண்டாம் நிலையில்தான் இருந்தது.

முதல் நிலை என்பதும் உத்தரவாதம் இல்லை. ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை நண்பகல் நேரத்தில் வெடித்தது. அன்று அது முதல் நிலையில் இருந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அங்கே குழம்பு எதுவும் மேலே வரவில்லை. நிலத்தடி நீர் சூடேறி, நீராவியாகி, பாறையைப் பிளந்துகொண்டு வந்தது. பிரஷர் குக்கரின் வால்வு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், அதே கதைதான். இந்த வகை வெடிப்புக்குப் பல நேரம் முன்னறிவிப்பு கிடைக்காது. அதனால் என் வழக்கம் இது: வாய்ப்பு சிறியது என்று ஏற்றுக்கொண்டுதான் போகிறேன், ஆனால் உச்சியில் தேவைக்கு மேல் நிற்பதில்லை. சூரியன் வந்தது, சாப்பிட்டோம், படம் எடுத்தோம், இறங்கினோம். எரிமலையின் வாய்ப்பள்ளத்துக்குள் இறங்குவதோ ஆவி வரும் துளைகளில் கை வைப்பதோ கிடையாது.

இவ்வளவு சொன்னாலும், பாத்தூரில் உங்கள் பிள்ளைகளுக்கு அடிபட்டால் அது அநேகமாக எரிமலையால் இருக்காது. சரளைக்கல்லாலும் தூக்கமின்மையாலும்தான் இருக்கும்.

தூக்கத்தைப் பற்றிப் பேசுவோம். குட்டா, செமின்யாக் மாதிரி தெற்குக் கடற்கரை விடுதிகளில் தங்கினால், உதயத்துக்கு ஏற வேண்டியவர்களை இரவு ஒன்றரை, இரண்டு மணிக்கே வேனில் ஏற்றுவார்கள். முந்தைய நாள் முழுக்கக் கடலில் ஆடிய பிள்ளைகள், இரண்டு மணி நேரம் வளைவுப் பாதையில் வேனில் ஆடிவிட்டு, வெறும் வயிற்றோடு நான்கு மணிக்கு ஏறத் தொடங்குவார்கள். பாதிப் பேருக்கு வாந்தி. இதைச் செய்யாதீர்கள். முந்தைய இரவு ஏரிக்கரையிலுள்ள தோயா புங்கா கிராமத்திலோ மேலே கிந்தாமணியிலோ தங்கிவிடுங்கள். தோயா புங்கா மலையடிவாரத்திலேயே இருக்கிறது. எட்டு மணிக்குப் படுத்தால் மூன்றரைக்கு எழுந்து ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கலாம். உங்கள் பயணத் திட்டத்தில் நான் மாற்றச் சொல்வது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்.

வெள்ளியங்கிரிக்கு வருவோம். ஏழு மலை ஏறியவர்களுக்கு பாத்தூரின் உயரம் ஒரு பொருட்டில்லை, உண்மை. தோயா புங்காவிலிருந்து ஏறவேண்டிய உயரம் சுமார் 700 மீட்டர். சராசரி நடையில் இரண்டு மணி நேரம். ஆனால் வெள்ளியங்கிரியில் காலுக்கடியில் கல்லும் மண்ணும் நிலையாக இருக்கும், மூங்கில் தடி இருக்கும். பாத்தூரின் மேல்பகுதி எரிமலைச் சரளை. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது பயமாக இருக்கும். நான் கூட்டிப்போன குழுக்களில் யாருமே ஏற்றத்தில் அடிபட்டதில்லை. விழுந்தவர்கள் எல்லாம் காலை ஏழு மணிக்கு மேல், நல்ல வெளிச்சத்தில், சிரித்துப் பேசிக்கொண்டே விழுந்தவர்கள்.

இறங்கும் முறையைக் கோவையிலேயே சொல்லிக்கொடுங்கள். எங்காவது ஜல்லி கொட்டிய சரிவு போதும். முழங்காலை லேசாக மடித்து, குதிகாலை முதலில் ஊன்றி, சின்னச் சின்ன அடி. முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் நான்கைந்து அடி இடைவெளி. கால் பட்டுக் கல் உருண்டால் "கல்லு!" என்று கத்த வேண்டும், வெட்கப்படக் கூடாது. நான்கு வாரம் முன்னாலிருந்தே வாரம் மூன்று நாள் மருதமலைப் படி ஏறி இறங்கினால் தொடை பழகிவிடும். பெண்களும் சேர்ந்து பழக இடம் வேண்டுமே என்றுதான் வெள்ளியங்கிரியைச் சொல்லாமல் மருதமலையைச் சொல்கிறேன்.

வழிகாட்டி விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னதை மறந்துவிடுங்கள். பாத்தூரில் உள்ளூர் வழிகாட்டிகளுக்குச் சங்கம் இருக்கிறது. அவர்கள் இல்லாமல் ஏற முயன்றால் அடிவாரத்திலேயே வாக்குவாதம் வரும். அது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஊர்க்காரர்களுக்கு எந்தப் பாதை எந்த வாரம் சரிந்திருக்கிறது, மேகம் எந்தப் பக்கமிருந்து வந்தால் மழை என்பது தெரியும். நான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆறு வழிகாட்டிகளைக் கேளுங்கள். பேரம் பேசுவதென்றால் வேன் வாடகையில் பேசுங்கள்.

22 பேரை ஒரே வரிசையாக ஏற்றாதீர்கள். வரிசை நீளும், வேகமானவர்கள் முன்னால் போவார்கள், மெதுவானவர்கள் பின்தங்குவார்கள், அவர்களுக்கு வெட்கம் வரும், வெட்கம் வந்தவர்கள் வலியைச் சொல்லமாட்டார்கள். குரங்கணி காட்டுத்தீ 2018இல் நடந்தபின் நம் ஊர்ப் பெற்றோருக்கு மலையேற்றக் குழு என்றாலே வயிறு கலங்குகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு குழுவாகப் பிரியுங்கள், வேகத்தை வைத்து. ஒவ்வொன்றிலும் மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு அடுத்து, முன்னால் நடக்கட்டும். கடைசியில் உங்களில் பொறுப்பான ஒருவர். அவருக்குப் பின்னால் மன்றத்து ஆள் யாருமே இருக்கக் கூடாது. ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, ஒவ்வொரு ஓய்விலும் ஒன்றிலிருந்து எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்து வேலை மாதிரித் தோன்றும், கிண்டலும் செய்வார்கள். செய்யட்டும்.

லொம்போக் தீவின் ரிஞ்சானி மலையில் 2025 ஜூனில் பாதையிலிருந்து சரிந்து விழுந்த ஒரு பிரேசில் நாட்டுப் பெண்ணை மேலே கொண்டுவர நான்கு நாளானது, உயிர் பிழைக்கவில்லை. ரிஞ்சானி 3,726 மீட்டர், பாத்தூரோடு ஒப்பிட முடியாத கடினம். ஆனாலும், களைத்தவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு "வரும்போது கூட்டிக்கலாம்" என்று யாரும் மேலே போகக் கூடாது என்ற விதி எந்த மலைக்கும் பொருந்தும். ஒருவர் நின்றால் அவரோடு ஒரு வழிகாட்டியும் ஒரு நண்பரும் நிற்க வேண்டும். அங்கே மீட்புப் பணிக்கான அவசர எண் 115.

ஆஸ்துமா உள்ள தங்கை போகலாமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கந்தக வாயு அவர்களுக்கு ஆகாது என்பது உண்மை. பாத்தூரில் சாதாரண நாளில் நான் அதைவிட அதிகம் கவலைப்படுவது விடியற்காலைக் குளிரையும் முன்னால் நடப்பவர் கிளப்பும் தூசியையும்தான். மூக்கை மூட ஒரு துணியோ முகக்கவசமோ வேண்டும். இன்ஹேலர் அவருடைய சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும். வேறொருவர் சுமக்கும் பையில் இருந்தால் இல்லாததற்குச் சமம். உபரியாக இன்னொரு இன்ஹேலர் உங்களிடம் இருக்கட்டும். நெஞ்சு இறுகினால் அங்கேயே திரும்பிவிட வேண்டும். அப்புறம், பாலியோடு சேர்த்துப் பலர் திட்டம் போடுகிற கிழக்கு ஜாவாவின் இஜென் பள்ளத்துக்கு அவரை அழைத்துப் போகாதீர்கள். அங்கே கந்தகப் புகையே வேறு ரகம்.

எடை அதிகமுள்ள தம்பியிடம் இப்போதே தனியாகப் பேசுங்கள். மருதமலை ஒத்திகையில் அவருக்கே தெரிந்துவிடும். ஏறவில்லை என்றால் குறையில்லை: உதயம் பார்க்க ஜீப்பில் போகும் பார்வையிடங்கள் அங்கே இருக்கின்றன, கரும்பாறைக் காட்டுக்கும் ஜீப் போகும். ஆனால் அவரை மட்டும் தனியாக அனுப்பாமல் "ஜீப் குழு" என்று நான்கைந்து பேரைச் சேர்த்து, ஒரு பெரியவரையும் அனுப்புங்கள். நான் பார்த்தவரை, ஜீப் குழு என்று ஒன்று அறிவித்தவுடன் முட்டிவலி, காய்ச்சல் என்று இதுவரை மறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தாமாகவே வந்து சேர்ந்துவிடுவார்கள்.

சாமான் பட்டியல் எல்லோரும் கொடுப்பார்கள், எனவே இரண்டு மட்டும் சொல்கிறேன். தலையில் கட்டும் விளக்கு ஆளுக்கு ஒன்று, ஏனென்றால் கைப்பேசி வெளிச்சத்தில் நடப்பவருக்கு விழும்போது ஊன்ற ஒரு கை குறைகிறது. மற்றது ஷூ. புதிது கடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். பழையதும் ஏமாற்றும். ஒரு முறை என்னுடன் வந்த பையன், மூன்று வருடமாக அலமாரியில் கிடந்த அண்ணனின் ஷூவைப் போட்டு வந்தான். உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பசை விட்டு அடிப்பாகம் முழுசாகக் கழன்றது. வழிகாட்டி தன் சட்டைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். ஒத்திகையின்போது பயணத்துக்கான அதே ஷூவைப் போடச் சொல்லுங்கள். ஆகஸ்ட்டில் மழைக்கவலை குறைவு, ஆனால் உச்சியில் விடியலுக்கு முன் நம் பிள்ளைகளுக்கு நடுங்கும். காற்று புகாத மேலாடை ஒன்று போதும்.

உச்சியில் வாய்ப்பள்ளத்தைச் சுற்றி ஒரு நடைபாதை உண்டு. இரண்டு பக்கமும் சரிவு, சில இடங்களில் ஒருவர் நடக்கும் அகலம்தான். அருமையான காட்சி, மறுக்கவில்லை. 22 பேர், கையில் 22 கைப்பேசி என்றால் நான் வேண்டாம் என்பேன்.

காகித வேலை: 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம். பயணக் காப்பீட்டில் மலை நடை அடங்குமா, எந்த உயரம் வரை என்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்களில் சின்ன எழுத்தில் விலக்கியிருப்பார்கள். பாத்தூர் நாளை பயணத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் வையுங்கள். கடைசி நாளில் வைத்தால், மழை பெய்தாலும் "இன்னிக்கு விட்டா இல்ல" என்ற நெருக்கடி வந்துவிடும். திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் யார் என்பதையும் ஊரிலேயே ஒரே பெயராகச் சொல்லிவிடுங்கள். மலையில் வாக்கெடுப்பு நடத்தினால் எப்போதும் "போகலாம்" கட்சிதான் ஜெயிக்கும்.

மேலே காலை உணவாக வழிகாட்டிகள் மலையின் ஆவியிலேயே முட்டை அவித்துத் தருவார்கள், கூடவே வாழைப்பழம். முட்டை சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்று முந்தைய மாலையே சொல்லிவிடுங்கள். உச்சியில் குரங்குகளும் காத்திருக்கும்; பையின் ஜிப்பைத் திறக்க அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.